கைப்பிடி ஒடிஞ்சா... அகிஹபாரா!

ஹாஸ்டல் ரூமில் விடிய விடிய ‘கவுன்ட்டர் ஸ்ட்ரைக்’ ஆடின ஆளா நீங்க? அப்ப அந்தப் பச்சைக் கலர் ஸ்னைப்பரை மறந்திருக்க மாட்டீங்க. ஒரே குண்டு, ஆள் காலி! ஆனா ஒவ்வொரு தடவை சுட்டதும் கைப்பிடியைத் தூக்கி, இழுத்து, தள்ளி, மடக்கணும். அந்த கேப்பில்தான் எவனாவது வந்து நம்மைப் போட்டுத் தள்ளிட்டுப் போவான்.

அந்த ஒரு கைப்பிடிக்காக டோக்கியோவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க அலைந்த கதை இது. டோக்கியோ டவர், செர்ரி பூ எல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கலாம். இப்ப என்கூட வாங்க.

முதல்ல ஆளை அறிமுகப்படுத்திடறேன். நிஜத் துப்பாக்கியின் பேர் எல்-96. பிரிட்டிஷ் ராணுவம் 1980-களில் வாங்கிய ஸ்னைப்பர் ரைஃபிள். தயாரித்தது இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்தில் 1978-ல் தொடங்கிய ‘அக்யூரஸி இன்டர்நேஷனல்’. அதை ஆரம்பித்தவர்களில் ஒருவர் மால்கம் கூப்பர். 1984, 1988 என அடுத்தடுத்து இரண்டு ஒலிம்பிக்கில் துப்பாக்கி சுடுதலில் தங்கம் அடித்த கில்லாடி! அதே குடும்பத்தில் பனிப்பிரதேசத்துக்காகப் பிறந்த தம்பிதான் உங்க கம்ப்யூட்டரில் இருந்த அந்தப் பச்சை ஸ்னைப்பர்.

நிஜம் நமக்கு வேண்டாம். நாம பார்க்கப் போறது அதன் ஏர்சாஃப்ட் நகல். பார்க்க அச்சு அசல் அப்படியே இருக்கும். உள்ளே வெடிமருந்து கிடையாது. ஒரு ஸ்பிரிங், ஒரு பிஸ்டன், 6 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் குண்டு. அவ்வளவுதான். ஜப்பானில் இதை வைத்துக்கொண்டு காட்டுக்குள் இரண்டு டீமாகப் பிரிந்து விளையாடுகிறார்கள். ‘சர்வைவல் கேம்’ என்பதைச் சுருக்கி, ‘சபகே’ என்கிறார்கள்.

நான் தங்கியிருந்தது நிஷி-கசாய். டோக்கியோவில் நம்ம இந்தியர்கள் கூட்டம் கூட்டமாக இருக்கும் ஏரியா. ஐ.டி. வேலையில் இருக்கும் என் நண்பனின் ரூம். பையனுக்கு சபகே பைத்தியம். யாரோ ஒருவரிடம் செகண்ட்ஹேண்டில் இந்த எல்-96-ஐ வாங்கி மூணு வாரம்தான் ஆச்சு. சனிக்கிழமை ராத்திரி ரூமில் உட்கார்ந்து இழுத்துப் பார்த்திருக்கிறான். ‘டக்’ என்று ஒரு சத்தம். கைப்பிடி அவன் கையில். துப்பாக்கி மடியில்!

“மச்சான், நாளைக்கு அகிஹபாரா போறோம்.”

பைக்குள்ள இருந்தா பொம்மை

கிளம்பும்போது அவன் பண்ணின முதல் வேலை என்ன தெரியுமா? மேகசினைக் கழற்றித் தனியா வைத்தான். ரைஃபிளை நீளமான கருப்புப் பைக்குள் போட்டு, ஜிப்பை முழுக்க இழுத்து மூடினான். “கிடார்னு நினைச்சுக்குவாங்கடா” என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

காரணம் இருக்கு. 2014 நவம்பரில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில், பூங்காவில் ஏர்சாஃப்ட் துப்பாக்கியோடு இருந்த டமீர் ரைஸ் என்ற சிறுவனை, நிஜத் துப்பாக்கி என்று நினைத்து போலீஸ் சுட்டது. பையன் பிழைக்கவில்லை. வயசு 12. உள்ளே இருப்பது ஸ்பிரிங்கா, வெடிமருந்தா என்று தூரத்தில் நிற்கிறவனுக்கு எப்படித் தெரியும்? அதனால்தான் ஜப்பானில் இதைக் கொண்டு போகிறவர்கள் ரயிலிலும் தெருவிலும் வெளியே எடுப்பதே இல்லை.

தோசாய் லைனில் ஏறி, கயபாச்சோவில் இறங்கி, ஹிபியா லைன் மாறினால் மூணாவது ஸ்டாப் அகிஹபாரா. வெளியே வந்தால் கண்ணைக் கட்டுது! கட்டடம் முழுக்க அனிமே பொண்ணுங்க. மாடிக்கு மாடி கேம் சென்டர். ஞாயிறு மதியம் மெயின் ரோட்டில் வண்டிகளை நிறுத்தி, நடக்கிறவர்களுக்கே ரோட்டை விட்டுக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஆனா அகிஹபாராவின் பூர்வீகம் இது இல்லை. ரயில் பாலத்துக்கு அடியில் ‘ரேடியோ சென்டர்’னு ஒரு சந்து இருக்கு. ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் தோள் இடிக்கும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ரேடியோ பாகம் விற்ற தள்ளுவண்டிக்காரர்களுக்காக வந்த இடம். இன்னைக்கும் பெட்டிக்கடை சைஸில் ஒவ்வொரு கடை. ஒருத்தர் ஸ்விட்ச் மட்டும் விற்கிறார். ஒருத்தர் ஒயர் மட்டும். நம்ம ரிச்சி ஸ்ட்ரீட்டைப் பார்த்தவங்களுக்கு அந்த வாசனையே போதும்! ஒரு பொருள் ஒடிந்தால் தூக்கிப் போடாமல், ஒடிந்த பாகத்தை மட்டும் தேடுகிறவன் வருகிற ஊர் இது.

ஸ்பிரிங் சொன்ன உண்மை

ஏர்சாஃப்ட் கடை ஒரு கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தது. சுவர் முழுக்கத் துப்பாக்கி. ஒரு பக்கம் மட்டும் பாக்கெட் பாக்கெட்டாக உதிரி பாகம். கைப்பிடியிலேயே ஏழெட்டு வகை. உருண்டைத் தலை, நீளத் தலை, இரும்பு, அலுமினியம்.

கவுன்ட்டரில் ஐம்பது வயசுக்காரர். வேலை செய்கிற மேஜையில் ஒரு துணியை விரித்து, ஒடிந்த கைப்பிடியை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். உடைந்த இடம் சாம்பல் கலரில், சர்க்கரைக் கட்டி மாதிரி பொறுபொறுவென்று இருந்தது. மெக்கானிக்கல் பசங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. துத்தநாகக் கலவையை அச்சில் ஊற்றி வார்த்தது. விலை கம்மி, பார்க்க பளிச். ஆனா வளையாது. திடீரென்று ஒடிந்துவிடும்.

இந்த நகலில் ஒரு விஷயம் கவனிங்க. கைப்பிடியைப் பின்னால் இழுக்கும்போதே உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அழுந்துகிறது. கடைசியில் பிஸ்டன் ஒரு கொக்கியில் மாட்டி நிற்கும். ட்ரிக்கரை அழுத்தினால் கொக்கி விடும், பிஸ்டன் பாயும், காற்று குண்டைத் தள்ளும். அதாவது, ஸ்பிரிங்கின் மொத்த பலத்தையும் ஒவ்வொரு தடவையும் தாங்குவது அந்தச் சின்னக் கைப்பிடியின் அடிப்பகுதிதான். குமிழில் நாம் இழுக்கிறோம். வேரில் அது வளையப் பார்க்கிறது. கிளை நுனியில் தொங்கினால் கிளை எங்கே முறியும்? அதே கதை.

பெரியவர் அவசரப்படவில்லை. முதலில் கண்ணாடி மாட்டிக்கொண்டார். குழாயில் குண்டு எதுவும் மிச்சம் இல்லை என்று பார்த்தார். ஸ்பிரிங் அழுத்தத்தில் இல்லை என்று உறுதி பண்ணிக்கொண்டார். அப்புறம்தான் ஆலன் கீயைத் தொட்டார். கழற்றிய ஒவ்வொரு ஸ்க்ரூவையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் அடுக்கினார். நம்ம ஊர் மெக்கானிக் மாதிரி கடைசியில் ரெண்டு ஸ்க்ரூ மிஞ்சுற கதையே கிடையாது!

சிலிண்டரை வெளியே உருவினார். உள்ளே இருந்த ஸ்பிரிங்கை எடுத்தார். எடுத்ததும் அவர் முகம் மாறியது. டிராயரைத் திறந்து வேறொரு ஸ்பிரிங்கை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தார். எங்களுக்கே வித்தியாசம் தெரிந்தது. நம்ம ஸ்பிரிங்கின் கம்பி தடிமன். நீளமும் அதிகம்.

நண்பனிடம் மெதுவாக ஜப்பானிய மொழியில் ஏதோ சொன்னார். அவன் முகம் வெளுத்துவிட்டது.

மேட்டர் இதுதான். 2005-ல் ஜப்பானில், பவர் ஏற்றிய ஏர்சாஃப்ட் துப்பாக்கிகளால் ரோட்டில் போகும் கார்களைச் சிலர் சுட்டார்கள். கண்ணாடிகள் உடைந்தன. அடுத்த வருஷமே, 2006-ல், சட்டத்தைத் திருத்தினார்கள். 6 மி.மீ. குண்டு என்றால் சுமார் 0.98 ஜூல்தான் எல்லை. 0.2 கிராம் குண்டுக்குக் கணக்குப் போட்டால் நொடிக்கு 99 மீட்டர் வேகம். அதைத் தாண்டினால் அது பொம்மை இல்லை. சுட வேண்டாம், சும்மா வைத்திருந்தாலே குற்றம். யாருக்கோ விற்பதற்கு முன்னால் பழைய சொந்தக்காரர் ஸ்பிரிங்கை மாற்றியிருக்கிறார். நம்ம ஆளுக்குச் சொல்லவே இல்லை.

அப்படின்னா காலையில் ரெண்டு ரயில் மாறி, கூட்டத்துக்கு நடுவில், ‘கிடார்’னு ஜோக் அடிச்சுக்கிட்டு நாங்க தூக்கிட்டு வந்தது என்ன? விசாவில் வேலை பார்க்கும் ஒருத்தன் தோளில்? எனக்கு ஏ.சி.யிலும் வியர்த்தது.

“கைப்பிடி மோசம் இல்லை. இந்த ஸ்பிரிங்குக்கு அது செஞ்சதே இல்லை. ஸ்பிரிங்கை மாத்தலைன்னா கைப்பிடி மாட்ட மாட்டேன்” - இதுதான் பெரியவர் சொன்னது. அந்த ஒடிந்த துண்டு எங்களைக் காட்டிக் கொடுத்ததா, காப்பாற்றியதா? நீங்களே சொல்லுங்க.

நண்பன் கேட்ட ஒரே கேள்வி: “ஸ்பிரிங்கைக் குறைச்சா தூரம் போகாதே?”

பெரியவர் சிரித்துவிட்டு, ஒரு குண்டை விரலில் சுழற்றிக் காட்டினார். குழாய்க்குள் ஒரு சின்ன ரப்பர் மேட்டில் உரசி, குண்டு பின்னோக்கிச் சுழன்றபடி வெளியே வரும். ‘ஹாப்-அப்’ என்று பேர். அந்தச் சுழற்சி குண்டைக் காற்றில் தூக்கிப் பிடிக்கும். சுழற்சி சரியா இருந்தா அளவான ஸ்பிரிங்கே போதும். சரியில்லைன்னா எவ்வளவு பவர் போட்டாலும் குண்டு எங்கேயோ போகும். ஸ்பின் பவுலரிடம் போய் ஏன் வேகமா போடலைன்னு கேட்பீங்களா?

அளவான ஸ்பிரிங் உள்ளே போனது. புது இரும்புக் கைப்பிடி உட்கார்ந்தது. ஸ்க்ரூக்களில் ஆளுக்கொரு சொட்டு பசை, அதிர்வில் கழலாமல் இருக்க. ஸ்க்ரூவை ஒரேயடியாக முறுக்கவில்லை. முதலில் விரலால், அப்புறம் கீயால், மரை போகாமல். மடக்கும்போது கைப்பிடி கட்டையில் உரசுகிறதா என்று பத்துப் பதினைந்து தடவை மேலும் கீழும் ஆட்டிப் பார்த்தார். கடைக்குள்ளேயே இருக்கும் குட்டி ரேஞ்சில் வேகம் அளக்கும் கருவிக்கு முன்னால் வைத்துச் சுட்டார். நொடிக்கு 85 மீட்டர் சொச்சம். எல்லைக்குள்! அந்த நம்பரைப் பார்த்ததும் நண்பன் விட்ட பெருமூச்சில் அரை ஜூலாவது இருக்கும்.

பழைய ஸ்பிரிங்கை அவனே கட்டர் கேட்டு வாங்கி, மூணு துண்டாக்கினான்.

மிட்டாய்ச் சந்து

அங்கிருந்து வடக்கே ரயில் பாலத்தை ஒட்டியே நடந்தால், ஒகாச்சிமாச்சி ஸ்டேஷனைத் தாண்டி அமேயோகோ வரும். உயேனோ வரைக்கும் நீளும் கடைவீதி. போருக்கு அப்புறம் கள்ளச்சந்தை நடந்த இடம். அப்ப மிட்டாய் வித்ததால் ‘அமே’ (மிட்டாய்) என்கிறார்கள். அமெரிக்க ராணுவச் சரக்கு வித்ததால் ‘அமெரிக்கா’வின் ‘அமே’ என்றும் சொல்கிறார்கள். மீன், கருவாடு, ஷூ கடைகளுக்கு நடுவில் இன்னைக்கும் ராணுவ ஜாக்கெட் தொங்குது. சர்வைவல் கேமுக்கு பேன்ட் வாங்க வருகிறவர்கள் ஏராளம்.

ஜப்பானில் 1958-லிருந்து கடுமையான துப்பாக்கிச் சட்டம். சாதாரண மனுஷன் கைத்துப்பாக்கி வைத்திருக்கவே முடியாது. சரி, மாதிரியாவது வைத்துக்கொள்வோம் என்று உலோகத்தில் மாடல் செய்தார்கள். அதைக் காட்டி மிரட்டிக் குற்றம் நடந்தது. 1971-ல் சட்டம் வந்தது: உலோகக் கைத்துப்பாக்கி மாடல் என்றால் குழாயை அடைக்கணும், வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் இருக்கணும். அப்புறம்தான் பிளாஸ்டிக் உடம்பும் ஏர்சாஃப்ட்டும் பெருகின. ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருத்தர் எல்லை தாண்டுகிறார். ஒவ்வொரு தடவையும் எல்லாருக்குமாக வேலி இன்னும் கிட்டே வருகிறது. பெரியவரின் பிடிவாதம் அப்பதான் எனக்குப் புரிந்தது. அவர் பயந்தது போலீஸுக்கு மட்டும் இல்லை. இன்னொரு ஸ்பிரிங் எங்கேயாவது ஒரு கார் கண்ணாடியை உடைத்தால், அவர் கடையே இருக்காது.

ஹிட்!

அடுத்த ஞாயிறு சிபா மாகாணத்துக் காட்டில் ஆட்டம். நுழைவாயிலிலேயே ஒவ்வொரு துப்பாக்கியையும் சுட வைத்து வேகம் அளக்கிறார்கள். பாஸானால்தான் உள்ளே. கண்ணுக்குக் கவசம் இல்லாமல் ஒரு அடி எடுத்து வைக்க முடியாது.

சுவாரஸ்யம் என்னன்னா, குண்டு பட்டதா இல்லையான்னு அம்பயருக்குத் தெரியாது. பெயின்ட் ஒட்டாது. பட்டவனே கையைத் தூக்கி “ஹிட்டோ!”னு கத்திட்டு வெளியேறணும். பட்டும் படாத மாதிரி ஆடுகிறவனுக்கு அங்கே பேர் ‘ஸோம்பி’.

நம்ம ஆள் புதரில் அரைமணி நேரம் படுத்துக் கிடந்தான். கைப்பிடியைத் தூக்கினான், இழுத்தான், தள்ளினான், மடக்கினான். குறி வைத்துக்கொண்டே இருந்தபோது பின்னால் இருந்து ‘டப்’. நான் மட்டும்தான் பார்த்தேன். சுட்டவனுக்கே சந்தேகம் போல, எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றான். இவன் எழுந்து, கையைத் தூக்கி, காடு அதிரக் கத்தினான்: “ஹிட்டோ!”

வெளியே வந்தவனிடம், “ஒருத்தனைக்கூட சுடலையேடா?” என்றேன்.

“கைப்பிடி சூப்பரா வேலை செய்யுது மச்சான்” என்றான்.

போறவங்க கவனத்துக்கு: அகிஹபாரா, அமேயோகோ ரெண்டையும் ஒரே மதியத்தில் நடந்தே பார்த்துடலாம். ஏர்சாஃப்ட் ஆட ஆசையா? நிறைய மைதானங்களில் துப்பாக்கி, கவசம் எல்லாம் வாடகைக்கே கிடைக்கும். ஆனா ஒண்ணு, நினைவுப் பரிசுன்னு ஒரு ரைஃபிளை ஊருக்குத் தூக்கிட்டு வந்துடாதீங்க. நம்ம நாட்டில் 2016 ஆயுத விதிகள் துப்பாக்கி நகல்களையும் கணக்கில் எடுத்துக்குது. கஸ்டம்ஸில் கிடார்னு சொன்னா ஒருத்தரும் சிரிக்க மாட்டாங்க!