மாவடை மரவடை

பழைய கிரயப் பத்திரங்களைப் படித்துப் பார்த்தவர்கள், நான்கு எல்லைகளையும் கூறிய பின்னர் ‘மாவடை மரவடை உட்பட’ என்றொரு தொடர் வருவதைக் கண்டிருப்பார்கள். நிலத்தை விற்பவன் அதில் வேரூன்றி நிற்பவற்றையும் சேர்த்தே விற்கிறான் என்பது அதன் கருத்து. பத்திரத்தில் வேறு விதமாகக் குறிப்பிடாத வரையில், 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றச் சட்டம் கூறுவதும் இதுவே. பெங்களூர் ஜயநகரில் 35 ஆண்டுகள் வாழ்ந்த இல்லத்தை 2019இல் விற்க நேர்ந்தபோதுதான் அவ்விரு சொற்களின் கனம் எனக்குப் புலப்பட்டது.

நம்மில் பலரைப் போல் நானும் தொழிற்சாலை வேலைக்காக இந்நகருக்கு வந்தவன். 40க்கு 60 அடி மனையில் சிறிய ஓட்டு வீடு, மீதமெல்லாம் தோட்டம். கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் உள்ள ஊர் இது. நம் சமவெளியில் வாடிப்போகும் டேலியாவும் இங்கே செம்மண்ணில் செழித்து வளரும். லால்பாக் நாற்றுப்பண்ணையிலிருந்து சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்த மாங்கன்று, வேலிக்கருகே பவழமல்லி, கிணற்றடியில் கறிவேப்பிலை, பந்தலில் சௌசௌ. அந்தச் சௌசௌவை நம் ஊரில் ‘பெங்களூர்க் கத்தரிக்காய்’ என்பார்கள். ஆனால் அதன் பூர்வீகமோ மெக்சிகோ! குடிபெயர்ந்தவற்றில் நாம் மட்டும் தனியாக இல்லை.

வாங்க வந்தவர் நல்ல மனிதர். விலையில் கறார் செய்யவில்லை. தோட்டத்திற்குள் அவர் நாடாவோடு நடந்து, கார்கள் நிறுத்த எத்தனை அடி கிடைக்கும் என்று அளந்தார். பணம் கொடுப்பவர் அளக்கத்தானே செய்வார்? மாமரத்தை வெட்ட 1976ஆம் ஆண்டின் கர்நாடக மரப் பாதுகாப்புச் சட்டப்படி அனுமதி பெற வேண்டும் என்று மட்டும் சொன்னேன். “தெரியும், விண்ணப்பம் போட்டால் கிடைத்துவிடும்” என்றார்.

ஆறு வாரத்தில் பத்திரம் பதிந்துவிடலாம் என்பது அவர் விருப்பம். என் மனைவிதான் மறுத்தாள். “மல்லிகையைப் பதியன் போட்டிருக்கிறேன். அது வேர் விடாமல் பத்திரம் பதியக் கூடாது” என்றாள். அந்த மல்லிகை நிலக்கோட்டையில் அவள் பிறந்த வீட்டிலிருந்து வந்தது. அந்த வீடு விற்பனையான ஆண்டில், அவளுடைய தாயார் ஈரச்சாக்கில் பொதிந்து கொடுத்தனுப்பிய கன்று. இப்போது அங்கே வீடும் இல்லை, செடியும் இல்லை, கொடுத்தவரும் இல்லை.

பதியன் போடுவது பொறுமைசாலிகளின் வேலை. தாழ்ந்த கிளை ஒன்றின் அடிப்பட்டையைச் சிறிது சீவி, மண்ணில் வளைத்துப் புதைத்து, மேலே ஒரு கல்லை வைக்க வேண்டும். ஈரம் காயக்கூடாது. தாய்ச்செடியின் சாறு ஓடிக்கொண்டிருக்கும்போதே கிளை தனக்கென வேர் விடும். அதன் பிறகே தாயிடமிருந்து அறுக்க வேண்டும். அவசரப்பட்டால் இரண்டாகப் பிரிந்த பிறகு ஒன்று பட்டுப்போகும். ஜூன் மாத மழையில் மூன்று கிளைகளைப் புதைத்தாள். வாங்குகிறவர் செப்டம்பர் வரை காத்திருந்தார். ஒரு மல்லிகைக்காக ஒரு கிரயம் தள்ளிப்போனது என்று சார்பதிவாளர் அலுவலகத்தில் சொன்னால் சிரித்திருப்பார்கள்.

கறிவேப்பிலையின் பக்கக்கன்று ஒன்றையும், டேலியாக் கிழங்குகளையும் எடுத்துக்கொண்டோம். மாமரத்தை என்ன செய்வது? அதைவிடவும் எனக்கு மனம் வராமல் போனது மண்ணை விட்டுவரத்தான். 35 ஆண்டுகளாகச் சருகும் சாணமும் காய்கறித் தோலும் மக்கி, கையால் அள்ளினால் பொலபொலவென்று உதிரும் மண். எந்தப் பத்திரத்திலும் அதற்கு விலை எழுதுவதில்லை. இரண்டு சாக்கு நிறைய அள்ளினேன். சாமான் ஏற்ற வந்த ஆட்கள், “ஐயா, மண்ணையுமா?” என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வேர் விட்ட மூன்று பதியன்களில் ஒன்றை அடுத்த வீட்டு அம்மாளுக்குக் கொடுத்தோம். இன்னொன்றை வீடு வாங்கியவரின் தாயார் கேட்டு வாங்கிக்கொண்டார். மாடி கட்டிய பிறகு தொட்டியில் வைக்கப்போவதாகச் சொன்னார். மூன்றாவது, எங்கள் அடுக்குமாடி வீட்டின் மேற்குப் பார்த்த பால்கனியில், அந்தச் சாக்கு மண்ணில் வளர்ந்தது. முதல் ஆண்டு முழுவதும் இலையாகவே இருந்தது. மறு கோடையில் ஏழு மொட்டுகள் வந்தன. நாரெடுத்துக் கட்ட அவை போதாது. மனைவி ஒரு கிண்ணத்தில் நீர் ஊற்றி அவற்றை மிதக்கவிட்டாள்.