``நான் நல்லாத்தானே கீறேன்?'' - அப்பாவின் வால்வும் தம்பியின் ஜிம்மும்

திருவொற்றியூர் தேரடிப் பக்கம் என் தம்பி போகும் ஜிம்மில் ஏசி கிடையாது. கண்ணாடி பாதி ரசம் போனது. ஆனால், சுவரில் ஆர்னால்டு இருக்கிறார். வடசென்னையில் ஆர்னால்டு படம் இல்லாத ஜிம்மை நான் பார்த்ததில்லை. 2014-ல் `ஐ' பட இசை வெளியீட்டுக்கு அவர் சென்னை வந்ததை டிவியில் பார்த்துவிட்டு, ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த தம்பி இரண்டு செங்கல்லோடு மொட்டைமாடிக்குப் போனான். அன்று தூக்க ஆரம்பித்தவன்.

அவனிடம்தான், `இனிமே வெயிட் தூக்காதடா' என்று நான் சொல்ல வேண்டியிருந்தது.

கதை அப்பாவிடம் ஆரம்பிக்கிறது. ஹார்பரில் சரக்கு ஏற்றி இறக்கும் வேலை. படியேறினால் மூச்சு வாங்கியது. தெருமுனை கிளினிக்கில் `கேஸ் ட்ரபிள்' என்றார்கள். ஒன்றரை வருடம் அதற்கே மாத்திரை சாப்பிட்டார். ஒருநாள் வேலை நேரத்தில் மயங்கி விழுந்த பிறகுதான் ஸ்டான்லிக்குக் கூட்டிப்போனோம். எக்கோ எடுத்தார்கள்.

இதயத்தின் இடது கீழறையிலிருந்து ரத்தம் வெளியேறும் வாசலில் ஒரு வால்வு உண்டு. அதற்கு மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். அப்பாவுக்குப் பிறந்ததிலிருந்தே இரண்டுதான். `பைகஸ்பிட் அயோர்ட்டிக் வால்வு' என்கிறார்கள். நூறு பேரில் ஒருவர் அல்லது இருவருக்கு இப்படி இருக்கிறதாம். பெண்களைவிட ஆண்களுக்கு அதிகம். பலர் தெரியாமலேயே வாழ்ந்துவிடுகிறார்கள். சிலருக்கு வயதாக ஆக இதழ்களில் சுண்ணாம்பு படிந்து, வாசல் இறுகிவிடும். அப்பாவுக்கு 52 வயதில் அது நடந்திருந்தது.

ஆபரேஷன் செய்து உலோக வால்வு பொருத்தினார்கள். ராத்திரி வீடு அடங்கினால் அப்பாவின் நெஞ்சிலிருந்து `டிக் டிக்' கேட்கும். ரத்தம் உறையாமலிருக்க ஆயுசுக்கும் மாத்திரை. அம்மா கீரையைக்கூட அளவு பார்த்துத்தான் சமைக்கிறார். ஒருநாள் நிறைய, மறுநாள் ஒன்றுமே இல்லை என்றால் மாத்திரையின் கணக்கு தவறிவிடும்.

டிஸ்சார்ஜ் அன்று டாக்டர், ``கூடப் பொறந்தவங்க, பசங்க எல்லாருக்கும் ஒரு எக்கோ எடுத்துடுங்கம்மா'' என்றார். இது குடும்பத்தில் வரக்கூடியது. நெருங்கிய ரத்த உறவுகளில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு இருக்கலாம். தலையாட்டிவிட்டு வந்த நான், நான்கு மாதம் தள்ளிப்போட்டேன். `மாரடைப்பின் அறிகுறிகள்' என்று வாரத்துக்கு ஒரு கட்டுரை அப்லோடு செய்கிற ஆள் நான். கேட்டவர்களிடம் நேரமில்லை என்றேன். பயம் என்பதுதான் உண்மை.

எனக்கு மூன்று இதழ்கள். தம்பிக்கு இரண்டு.

அவனுக்கு வால்வு ஒழுங்காகத்தான் வேலை செய்தது. சிக்கல், அதற்கு மேலே தொடங்கும் பெருந்தமனியில். இப்படிப் பிறப்பவர்களில் பலருக்கு அந்தக் குழாயின் சுவரும் பலவீனமாக இருக்கும், மெள்ள வீங்கும். தம்பிக்கு 4.1 சென்டிமீட்டர். பொதுவாக 5.5-ஐத் தொட்டால் ஆபரேஷன், சிலருக்கு 5-லேயே. அதுவரை பிபியைக் கட்டுக்குள் வைத்துக்கொண்டு, குறித்த நாளில் ஸ்கேன் எடுத்து அளந்துகொண்டே இருக்க வேண்டும். திடீரென்று கிழிந்தால் உயிருக்கே ஆபத்து. மூச்சை அடக்கி, முக்கி, பெரிய வெயிட்டைத் தூக்கும் அந்தச் சில நொடிகளில் ரத்த அழுத்தம் எகிறும். டாக்டர் பயந்தது அதற்குத்தான்.

``நான் நல்லாத்தானே கீறேன்? 140 கிலோ டெட்லிஃப்ட் அடிக்கிறேன். எனக்கின்னா நோவு?''

மொபைலை நீட்டினேன். ஆர்னால்டுக்கும் பிறவியிலேயே இதே இரண்டு இதழ் வால்வுதான். 1997-ல், 49 வயதில் முதல் ஆபரேஷன். பிறகு 2018, 2020 என மறுபடியும் வால்வு மாற்றியிருக்கிறார்கள். முழுவதும் படித்தவன், ``அப்ப அவரு தூக்கலையா?'' என்றான். எனக்குப் பதில் வரவில்லை.

பதில் டாக்டரிடம் இருந்தது. ``அவர் ரிப்போர்ட்டை நான் பார்க்கல தம்பி. உன்னுதைத்தான் பார்த்திருக்கேன்.'' நடக்கலாம், ஓடலாம், லேசான வெயிட்டை மூச்சு விட்டபடி தூக்கலாம். முக்கித் தூக்குவது மட்டும் கூடவே கூடாது. மாவட்டப் போட்டிக்குக் கட்டிய பணம் போனது. மூன்று நாள் அவன் யாரிடமும் பேசவில்லை. நான்காம் நாள் ஜிம்முக்குக் கிளம்பினான். சந்தேகத்தில் நானும் பின்னாலேயே போனேன். பெஞ்ச் பிரஸ் அடிக்கும் ஒரு ஸ்கூல் பையன் பக்கத்தில் நின்றுகொண்டு, ``மூச்சை அடக்காத, வெளிய வுடு'' என்று கத்திக்கொண்டிருந்தான்.

இனி பாக்கி, எண்ணூர் அத்தை. அப்பாவின் அக்கா, மீன் வியாபாரம். ``இத்தினி வருசம் கூடை தூக்குன உடம்பு, போடி'' என்று துரத்தினார். தாத்தா 47 வயதில் வேலைக்குப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார் என்பதைச் சின்ன வயதில் எனக்குச் சொன்னதே இந்த அத்தைதான். அப்போது மாரடைப்பு என்று சொல்லி அடக்கம் செய்துவிட்டார்கள். என்னவென்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. அத்தையின் மகன்கள் இருவரும் கன்டெய்னர் யார்டில் லோடு ஏற்றுகிறார்கள்.

``உனக்கு வேணாம்னா வுடு அத்தை. உனக்கு இருந்தா பசங்களுக்கும் பார்க்கணும்ல?'' என்றேன். ஒன்றும் சொல்லாமல் மீனை அலச ஆரம்பித்தார்.

நேற்று ராத்திரி போன் வந்தது. ``வியாழக்கிழமை நான் மீன் எடுக்கல. எத்தினி மணிக்கு வரணும்?''