பச்சையெல்லாம் காடல்ல

சுரங்கக் குழியிலும் உவர் நிலத்திலும் தன் பழைய இயற்கையை மீட்டெடுக்கிறது தில்லி. ஆனால் அதற்கு இடம் கொடுக்க நகரம் தயாரா?

தில்லியின் தென்மேற்கே, வசந்த் விகாரை ஒட்டி, பாறையும் பள்ளமுமாகக் கிடக்கிறது அந்த நிலம். குஜராத்தில் தொடங்கும் ஆரவல்லி மலைத்தொடர் வடக்கே வந்து ஓயும் இடம் தில்லி. இங்கே அந்த மேட்டுக்கு 'ரிட்ஜ்' என்று பெயர். தலைநகரம் வீடுகளாகப் பெருகிய காலத்தில் மணலுக்காகவும் கல்லுக்காகவும் மேட்டைக் குடைந்தார்கள். எடுப்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று அவர்கள் போன பிறகு மிஞ்சியவை குழிகளும் அவற்றைச் சுற்றி மண்டிய முள்மரங்களும்தான். இன்று ஒரு குழியின் நிழலில் பெரணிகள் தழைத்திருக்கின்றன. இன்னொன்றில் ஆர்க்கிட் செடிகள். 692 ஏக்கர் பரப்புள்ள ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்கா இது.

பூங்கா என்றதும் தில்லிக்காரர்கள் நினைப்பது வேறு. 1936இல் லேடி வில்லிங்டன் பூங்கா என்ற பெயரில் திறக்கப்பட்ட லோதி தோட்டம் போல சீராக வெட்டிய புல்தரை, பூப்பாத்தி, உட்கார பெஞ்சு. பல்லுயிர்ப் பூங்காவில் இவை பிரதானமில்லை. நகரம் வருவதற்கு முன் அந்த மண்ணில் என்ன இருந்ததோ அதைத் திரும்பக் கொண்டுவருவதே நோக்கம். நிலம் தில்லி வளர்ச்சி ஆணையத்துடையது. விஞ்ஞானம் தில்லிப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் மையத்துடையது. பேராசிரியர் சி.ஆர். பாபுவின் தலைமையில், 2002இல் யமுனைக் கரையில் ஆரம்பித்த முயற்சி, பிறகு ஆரவல்லி, நீலா ஹௌஸ், துக்ளகாபாத் என்று மற்ற இடங்களுக்கும் பரவியது.

சீமையிலிருந்து வந்த மரம்

ரிட்ஜில் முதல் எதிரி ஒரு மரம். தில்லியில் அதற்கு 'விலாயதி கீக்கர்' என்று பெயர். தமிழர்களுக்கு அது பழைய பகையாளி: சீமைக் கருவேலம். இரண்டு மொழிகளுமே அதை 'வெளிநாட்டுக் கருவேலம்' என்றே அழைக்கின்றன. அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்த இந்த மரத்தை, புதுத்தில்லி உருவான காலத்தில், வறண்ட மேட்டைச் சீக்கிரம் பசுமையாக்க வெள்ளைக்கார அதிகாரிகள் கொண்டுவந்தார்கள். அது சொன்ன வேலையைச் செய்தது. அதற்கு மேலும் செய்தது. ஆடு மாடுகள் அதன் காய்களைத் தின்று விதையை ஊரெங்கும் பரப்பின. தௌ, வெள்வேலம், பலாசம் முதலான ஆரவல்லியின் சொந்த மரங்கள் ஒதுங்கின.

எதிரியை என்ன செய்வது? 2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலத்தை அகற்ற உத்தரவிட்டதும், சில மாதங்களில் அந்தப் பணிக்கு அதே நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்ததும் தமிழ்நாடு அறிந்த கதை. வெட்டினால் அடிமரம் மறுபடி துளிர்க்கும்; ஒரேயடியாகப் பிடுங்கினால் மண் வெறுமையாகும், பறவைகள் கூடிழக்கும். ஆரவல்லிப் பூங்கா நடுவழியைத் தேர்ந்தெடுத்தது. கிளைகளை மட்டும் கழித்து, தரைக்கு வெயில் விடுகிறார்கள். அந்த வெளிச்சத்தில் நாட்டு மரக் கன்றுகளை நடுகிறார்கள். கன்றுகள் வளர்ந்து தலைக்கு மேல் நிழல் கவிந்ததும், நிழல் தாங்காத சீமைக் கருவேலம் தானாக நலிகிறது. செலவு குறைவு. ஆனால் ஆண்டுக்கணக்கில் பொறுமை வேண்டும்.

ஆற்றின் இடம்

வடக்கே, வஜீராபாத் அருகே ஜகத்பூர் கிராமத்தை ஒட்டிய யமுனைப் பூங்காவில் பிரச்னை வேறு. 457 ஏக்கர்; அதில் ஒரு பகுதி உப்புப் பூத்த மண். முதலில் புல்லும், மண்ணுக்குத் தழைச்சத்து தரும் பயறுவகைச் செடிகளும்; பிறகுதான் மரங்கள். தோண்டிய நீர்நிலைகளுக்குக் குளிர்காலத்தில் செந்தலையும் சிவந்த அலகும் கொண்ட வலசை வாத்துகள் வருகின்றன.

பூங்காவின் இன்னொரு பகுதி வெள்ளச் சமவெளியிலேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் நீரை வாங்கிக்கொள்வதுதான் அதன் வேலை. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் உயர்ந்து, 1978இன் 207.49 மீட்டர் சாதனையை முறியடித்து, செங்கோட்டைச் சுவர் வரை வந்தது. ஆற்றின் இடத்தில் நகரம் எவ்வளவு தூரம் குடியேறிவிட்டது என்பதை ஆறே அளந்து காட்டிய நாள்கள் அவை.

தெற்கே நீலா ஹௌஸ் ஏரியின் கதை இன்னும் நேரடியானது. 2010 காமன்வெல்த் போட்டிகளுக்காகப் பாலம் கட்டியபோது ஏரியில் மண் கொட்டப்பட்டது. குடியிருப்போர் உயர் நீதிமன்றம் போனார்கள். பின்னர் ஏரி தூர் வாரப்பட்டு, அதில் வந்து விழும் கழிவுநீர், கல்வரிசைகளும் நீர்த்தாவரங்களும் கொண்ட செயற்கைச் சதுப்பு வழியாகத் தெளிந்து போகும்படி செய்யப்பட்டது.

வந்த விருந்தாளி

இயற்கை திரும்பி வந்ததற்குச் சான்று வேண்டுமா? 2016 நவம்பரில் யமுனைப் பூங்காவில் ஒரு சிறுத்தை தென்பட்டது. விஞ்ஞானிகளுக்கு அது வெற்றி: இரையும் மறைவிடமும் நீரும் இருந்தால்தான் சிறுத்தை தங்கும். அக்கம்பக்கத்துக் கிராமத்தார்களுக்கோ மாட்டுக் கொட்டிலையும் குழந்தைகளையும் பற்றிய பயம். இரண்டு தரப்பிலும் நியாயம் இருந்தது. டிசம்பரில் சிறுத்தையைப் பிடித்து சிவாலிக் காட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காட்டை வளர்த்த நகரம், காட்டின் குடிமகனை ஏற்கவில்லை.

மரங்களை எண்ணுவதிலும் இதே சங்கடம். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலத்தில் மரக்கவிகை 10 சதவிகிதத்துக்கு மேல் இருந்தால், அது எந்த மரமானாலும், தேசிய வன அறிக்கை அதைக் காடு என்றே கணக்கிடும். சீமைக் கருவேலப் புதரும் தௌ வனமும் ஏட்டில் ஒன்றுதான். எனவே, ஒன்றை மற்றதாக மாற்ற ஆண்டுக்கணக்கில் உழைத்தாலும் புள்ளிவிவரத்தில் ஒரு பச்சைப் புள்ளிகூடக் கூடாது. சாலைக்கோ கட்டடத்துக்கோ நிலம் கேட்டு அடுத்த கோப்பு வரும்போது, இந்த வித்தியாசத்தைச் சொல்ல வேண்டியவர்கள் தினமும் அங்கே நடக்கப் போகும் தில்லிக்காரர்களே. நீலா ஹௌஸுக்காக நீதிமன்றம் போனவர்கள் அதற்கு ஒரு வழி காட்டியிருக்கிறார்கள்.