உருவம் எஞ்சியது, பண் எஞ்சவில்லை: எருசலேம் ஆலய இசை குறித்து

ரோம் நகரின் டைட்டஸ் வளைவினுள்ளே ஒரு வெற்றி ஊர்வலம் கல்லில் செதுக்கப்பட்டிருக்கிறது. கி.பி. 70இல் எருசலேம் ஆலயத்தை அழித்த படை, அங்கிருந்து கவர்ந்தவற்றைத் தோளில் சுமந்து செல்கிறது. ஏழு கிளை விளக்குத்தண்டு எல்லோர் கண்ணிலும் படும். அப்பங்களை வைக்கும் மேசையோடு சேர்த்துக் காட்டப்பட்ட நீண்ட எக்காளங்களைக் கவனிப்போர் குறைவு. வென்றவர்களின் சிற்பத்தில் இசைக்கருவிக்கு இடம் கிடைத்தது, பாடியவர்களுக்குக் கிடைக்கவில்லை.

பாடியவர்கள் லேவியர்கள். அவர்களைப் பற்றிய விரிவான செய்திகளை கி.பி. 200 அளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா தருகிறது. மேடையில் பன்னிரண்டு பேருக்குக் குறையாமல் நிற்க வேண்டும். கின்னோர் என்னும் யாழ் ஒன்பதுக்குக் குறையலாகாது, நெவெல் என்னும் மற்றொரு நரம்புக்கருவி இரண்டு முதல் ஆறு வரை, கைத்தாளம் ஒன்றே. வாரத்தின் ஏழு நாள்களுக்கும் ஏழு சங்கீதங்கள். இவ்வளவு நுணுக்கமாகக் கணக்கு வைத்த நூலில் ஒரு பண்கூடப் பதிவாகவில்லை. பண் ஆசிரியரின் குரலிலிருந்து மாணவரின் செவிக்குச் செல்வது. அதை ஏட்டில் எழுதும் தேவை எவருக்கும் தோன்றியிருக்காது.

அந்நூல் ஹுக்ராஸ் என்ற லேவியரைக் கண்டனத்தோடு நினைவுகூர்கிறது. பாட்டில் அவருக்குத் தனித்திறம் இருந்தது. அதைப் பிறருக்குக் கற்பிக்க அவர் விரும்பவில்லை. ஆலயம் நின்றிருந்த நாள்களில் அது ஒரு தனிமனிதரின் கருமித்தனம். ஆலயம் வீழ்ந்தபின், தாராளமாகக் கற்பித்தவர்களின் பாட்டும் அவருடையதைப் போலவே மறைந்தது. துக்கத்தின் அடையாளமாகத் தொழுகைக் கூடங்களில் கருவியிசை விலக்கப்பட்டது. ஆட்டுக்கொம்பின் ஒலி மட்டும் நிலைத்தது.

அழிவுக்கு அறுபது ஆண்டுகளுக்குப் பின், கி.பி. 132இல் பார் கோக்பாவின் தலைமையில் எழுந்த கிளர்ச்சியாளர்கள் ரோமானிய நாணயங்களின் மீதே தங்கள் முத்திரைகளை அடித்தனர். பேரரசரின் முகம் இருந்த இடத்தில் யாழும் எக்காளமும் பதிந்தன. அவ்விசையைச் சிறுவயதில் கேட்டவர் சிலர் அப்போதும் உயிரோடு இருந்திருக்கக்கூடும். அவர்களுக்குப் பின் வந்த கலைஞர்களுக்குத் தம் காலமே துணை. காசாவின் தொழுகைக்கூடத் தரையில், 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தாவீது கிரேக்கத்து ஓர்ஃபியசின் சாயலில் அமர்ந்து யாழ் மீட்டுகிறார்; விலங்குகள் செவிசாய்க்கின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரெஞ்சு ஓவியர் ஜேம்ஸ் டிசோ பாலஸ்தீனத்துக்குப் பயணம் செய்து திரும்பிப் பழைய ஏற்பாட்டுக் காட்சிகளை வரைந்தார். அங்குக் கண்ட முகங்களும் ஆடைகளுமே அவற்றுக்கு ஆதாரம். தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் 150ஆம் சங்கீதத்தில் வீணையையும் சுரமண்டலத்தையும் வைத்ததும் இவ்வகைச் செயலே. இவற்றைப் பிழையென்று தள்ள வேண்டியதில்லை; பண்டைய இசைக்குச் சான்றாகக் கொள்ளவும் கூடாது. ஒவ்வொன்றும் தன்னை ஆக்கியவரின் காலத்துக்கே சான்று.

சொற்களுக்கும் இதே கதி நேர்ந்தது. சங்கீதங்களில் 71 இடங்களில் வரும் ‘சேலா’ இசைக்குறிப்பு என்று கருதப்படுகிறது. அதன் பொருள் உறுதியாகத் தெரியாததால், தமிழ் விவிலியமும் அச்சொல்லை அப்படியே வைத்திருக்கிறது. வாசிப்போர் அதை உச்சரிக்கிறார்கள். எதைச் செய்யச் சொல்கிறது என்பதை அறியார்.

1968இல் தொல்லியலாளர் பெஞ்சமின் மசார் ஆலய மதிலின் தென்மேற்கு மூலையடியில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். மேலிருந்து வீழ்ந்த அக்கல்லில் ‘எக்காளம் ஊதும் இடத்திற்கு’ என்ற பொருள்தரும் எபிரேயச் சொற்கள் உள்ளன. அடுத்த சொல் பாதியில் உடைந்திருக்கிறது. ‘அறிவிப்பதற்கு’ என்று சிலரும், ஓய்வுநாளை மற்ற நாளிலிருந்து ‘பிரிப்பதற்கு’ என்று வேறு சிலரும் அதை நிரப்புகின்றனர். ஊதியவர் எங்கே நின்றார் என்பதை அந்தக் கல் சொல்கிறது. அவர் என்ன ஊதினார் என்பதைச் சொல்ல எவரும் எஞ்சவில்லை.