கண்ணாடிச் சில்லில் ஒரு காளி கோயில்

ஜொகூர் பாருவுக்குப் போகிறவர்கள் கடைத்தெருவோடு திரும்பிவிடுவது வழக்கம். அடுத்த முறை ரயிலடியிலிருந்து ஜாலான் தெப்ராவ் பக்கம் சற்று நடந்து பாருங்கள். அங்கேதான் அருள்மிகு இராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயில் இருக்கிறது.

1922-ல் எளிய கொட்டகையாகத் தொடங்கிய கோயில் இது. தோட்டம் கைமாறினால் கோயில் என்னாகுமோ என்று கலங்கியவர்கள் நம்மவர்கள். அவர்களுக்கு இது இன்றும் அதே ஊரில் நிமிர்ந்து நிற்பதே பாதி மகிழ்ச்சி. கோயில் பொறுப்பாளர் சின்னத்தம்பி சிவசாமி, பாங்காக் நகரில் வாட் அருண் ஆலயம் வெயிலில் மின்னுவதைக் கண்டு வந்தவர். இங்கே அவர் தேர்ந்தது கண்ணாடி. சுவர், தூண், கூரை எங்கும் சுமார் 3,00,000 வண்ணத் துண்டுகள் பதித்து, 2009-ல் திருப்பணி நிறைவேறியது.

உள்ளே நுழைந்ததும் "இது என்ன உருவம்?" என்று தேடாதீர்கள். பல இடங்களில் உருவமே இல்லை, நிறமும் ஒளியும்தான். வாசலில் கோலம் போடும் நம் வீட்டுப் பெண்கள் புள்ளியையும் வளைவையும் பார்த்து, "இது மானா மயிலா?" என்றா கேட்கிறார்கள்? அந்தக் கண் போதும். முழுக் கண்ணாடி ஒரே முகத்தைக் காட்டும். சில்லுகளோ ஒவ்வொன்றும் மயிரிழை சாய்ந்து உட்கார்ந்திருப்பதால், ஒளியை வேறு வேறு பக்கம் வீசும். ஆகவே நின்ற இடத்தில் நிற்காமல் இரண்டடி நகருங்கள், சுவரும் மாறும். புகைப்படத்தில் இது சிக்காது.

என் மனம் தங்கியது ஆத்மலிங்க சந்நிதியில். அங்கே சுவரெங்கும் நேபாளத்து உருத்திராட்ச மணிகள்; அவையும் சுமார் 3,00,000 என்கிறார்கள். கண்ணாடியின் பளபளப்பு சில வேளை கண்ணைக் கூசச் செய்கிறது, உண்மைதான். இந்தப் பழுப்புச் சுவரோ கண்ணுக்கு இதம். அருகில் போனால் மணிமணியாக முள்ளும் வரியும்; தள்ளி நின்றால் உழுத நிலம் போல ஒரே பரப்பு.

ஒட்டியும் பதித்தும் சேர்த்தும் செய்யும் இந்தக் கலைக்கு மேல்நாட்டில் பெரிய மதிப்பு. பிக்காசோ 1942-ல் சைக்கிளின் இருக்கையையும் கைப்பிடியையும் இணைத்துக் காளைத் தலை செய்தார். சண்டிகரில் சாலை மேற்பார்வையாளராக இருந்த நேக் சந்த், உடைந்த வளையலும் பீங்கானும் பொறுக்கி யாருக்கும் தெரியாமல் ஒரு தோட்டமே அமைத்தார். 1976-ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது.

பிள்ளைகளையும் அழைத்துப் போங்கள். வீட்டுக்கு வந்ததும் உடைந்த மங்கு, பழைய பொத்தான், ரப்பர் விதை என்று எதையாவது பலகையில் அடுக்கத் தொடங்குவார்கள். குப்பை என்று உடனே கூட்டித் தள்ளிவிடாதீர்கள். இரண்டு நாள் அப்படியே கிடக்கட்டும்.