நற்சான்றும் கோப்பும்

ஆசிரியப் பணியை நாடும் இளைஞரின் தகுதி, வகுப்பறையில் அளக்கப்படுவதற்கு முன்பே காகிதத்தில் அளக்கப்பட்டு விடுகிறது. மலேசியாவில் 1974ஆம் ஆண்டு கல்விச் சேவை ஆணையம் தோன்றியது முதல் நிரந்தர நியமனம் அதன் பொறுப்பாயிற்று. இன்று விண்ணப்பம் கணினி வழியே செல்கிறது. எனினும் பிறப்புப் பத்திரமும் தேர்வுச் சான்றிதழும் கோப்பை விட்டு நீங்கிவிடவில்லை.

தோட்டப்புற வீடுகளில் இப்பத்திரங்கள் பல்லாண்டுக் காலம் ரொட்டி டின்னில் உறங்கியவை. தகப்பனார் வாய்மொழியாகச் சொன்ன பெயரை எழுத்தர் தம் செவிக்கு எட்டியவாறு ரோமன் எழுத்தில் வரைந்தார். விளைவு, பிறப்புப் பத்திரத்தில் ஒரு லெட்சுமி. பள்ளி விடுப்புச் சான்றிதழில் ஒரு லட்சுமி. இருவரும் ஒருவரே என மெய்ப்பிக்கச் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி அளிக்க வேண்டியதாகிறது. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தபின் அதற்காக ஓடுவதைக் காட்டிலும், படிவத்தை நிரப்பும் முன்னரே பெயரை எழுத்தெழுத்தாக ஒப்பிடுவது நன்று. (திருமணமானாலும் பெண்ணின் பெயர் அடையாள அட்டையில் மாறுவதில்லை, அந்த மட்டில் ஆறுதலே!)

இனி, நற்சான்றுக் கடிதம். 'ஒழுக்கமுடையவர், கடமையுணர்வு மிக்கவர், எப்பணியையும் திறம்பட ஆற்ற வல்லவர்' என்று எழுதிக் கையொப்பமிடும் தலைமையாசிரியர்கள் இன்றும் உளர். பெயரை மாற்றினால் அக்கடிதம் எவருக்கும் பொருந்தும். ஆகவே ஒருவருக்கும் பயன்படாது. மாணவர் குறைந்த பள்ளியில் இரண்டு வகுப்புகளை ஓரறையில் இணைத்து நடத்திய தற்காலிக ஆசிரியைக்கு, அந்த உழைப்பைப் பெயர் சொல்லி எழுதாதது அநீதியே. எழுத்துக் கூட்டத் திணறிய பிள்ளைகள் ஆண்டிறுதியில் பத்தி வாசித்தனர் என்னும் ஒரு வரி, பத்துப் புகழுரைகளை விட எடை மிக்கது.

பழி முழுவதும் தலைமையாசிரியரைச் சார்ந்ததன்று. கடைசி நாளில் வாசலில் வந்து நின்று, "ஐயா, ஒரு கடிதம் வேண்டும்" என்பவருக்கு அவர் வேறென்ன எழுதுவார்? கற்பித்த வகுப்பு, பாடம், மாதங்கள், புறப்பாடப் பொறுப்பு ஆகியவற்றை அரைத்தாளில் எழுதி இரு வாரம் முன்பே தருதல் வேண்டும். அவர் மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ போகுமுன் கேட்டு வாங்குவது அதனினும் முக்கியம். கடிதம் தேசிய மொழியில் அமைவதும் தேவை. நேர்முகக் குழுவில் தமிழறிந்தவர் இருப்பார் என்பதற்கு உறுதியில்லை.

மூலப் பத்திரத்தை எவரிடமும் விட்டுவிட்டு வருதல் கூடாது. காட்டலாம், உறுதிசெய்த நகலைக் கொடுக்கலாம். எந்த நகல் எந்த அலுவலகத்திற்கு எந்நாளில் போயிற்று என்பதைக் கோப்பின் உள்ளட்டையில் பென்சிலால் குறித்து வைப்போர், அடுத்த விண்ணப்பத்தின்போது அலமாரியைக் குடைவதில்லை.