கச்சேரியில் இருந்த பெயர்

குடும்ப வரலாறு எங்கே எழுதப்பட்டிருக்கின்றது என்று கேட்டால், யாழ்ப்பாணத்து நண்பர் தம் காணி உறுதியைக் காட்டுவார். மட்டக்களப்பு நண்பர் தம் குடிவழியையும் கோயில் உரிமையையும் சொல்லுவார். தேயிலைத் தோட்டத்து லயத்திற் பிறந்த எனக்குக் காட்டுவதற்குக் காணியுமில்லை. சொல்லுவதற்குக் கோயில் உரிமையுமில்லை. மலையகத்துக் குடும்பமொன்றின் வரலாறு பெரும்பாலும் பிறர் எழுதிவைத்த ஏடுகளிலேயே கிடக்கின்றது. தோட்டத்துச் செக்றோலும் கச்சேரியின் பிறப்பு, இறப்புப் பதிவேடுகளுமே எங்கள் குலமுறை கிளத்தும் நூல்கள். அத்தகைய ஏடொன்றில் என் பூட்டனாரைத் தேடிச் சென்ற அனுபவத்தையே இங்கு எழுத முற்படுகிறேன்.

பல்கலைக்கழக அனுமதிக்காக வீட்டு ஆவணங்களை ஒழுங்குபடுத்தியபோது, 1968 இல் பிறந்த என் தந்தையாரின் பிறப்புச் சான்றிதழ் கண்ணிற் பட்டது. பிள்ளை, தந்தை, தாய் ஆகியோரின் விபரங்களுக்குப் பின்னர், பிள்ளையின் பாட்டனார் இலங்கையிற் பிறந்தவராயின் அவருடைய பெயர், பிறந்த ஆண்டு, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்கும் கூடு ஒன்று நம் நாட்டுச் சான்றிதழில் உண்டு. தந்தையாரின் சான்றிதழில் அக்கூட்டினுள் ஒரு கோடு மட்டும் இழுக்கப்பட்டிருந்தது. அந்தக் கோடு இருந்த இடத்தில் இருந்திருக்க வேண்டியவர் என் பூட்டனார்.

பிறந்த குழந்தையிடம் அதன் பாட்டன் எங்கே பிறந்தார் என்று அரசாங்கம் ஏன் கேட்க வேண்டும்? 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தை நோக்குமிடத்து இதற்கு விடை கிடைக்கும். அச்சட்டம் நடைமுறைக்கு வருமுன் இலங்கையிற் பிறந்த ஒருவர் பரம்பரைப் பிரசையாவதற்கு, அவருடைய தந்தை இலங்கையிற் பிறந்திருத்தல் வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். தான் இம்மண்ணிற் பிறந்தமை மட்டும் எவருக்கும் போதாது.

என் பாட்டனார் 1938 இற் பிறந்தவர். அவருடைய தந்தையாராகிய என் பூட்டனாரும் இங்கேதான் பிறந்தார் என்று காட்ட முடிந்திருந்தால், பாட்டனாரும் அவருடைய மூத்த சகோதரியாரும் சட்டப்படி பிரசைகளாகியிருப்பர். தாம் இந்த மலையிலேயே பிறந்ததாகப் பூட்டனார் சாகும்வரை சொல்லிவந்தாராம். 1950 இல் இரண்டு நாட் பேரை இழந்து கச்சேரிக்கு நடந்தார். தேடிப் பார்த்ததிற் பதிவு காணப்படவில்லை என்று எழுதிய தாளொன்றே அவருக்குக் கிடைத்தது. மங்கிப்போன அத்தாள் எங்கள் வீட்டுத் தகரப் பெட்டியில் இன்றும் இருக்கின்றது.

அதன் பின் நிகழ்ந்தவை எங்கள் வீட்டுக்கு மட்டும் உரியவையல்ல. 1949 ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தின்கீழ் ஏறக்குறைய எட்டு இலட்சம் பேருக்காக விண்ணப்பங்கள் செய்யப்பட்டன. பிரசாவுரிமை பெற்றோர் ஏறக்குறைய 134,000 பேர் மாத்திரமே. எங்கள் விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. 1964 இற் செய்யப்பட்ட சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம், நாடற்றோர் 975,000 பேரென்று கணக்கிட்டு, 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974 இல் இரு நாடுகளும் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டன.

பாட்டனாரின் அக்கா 1971 இற் கோச்சியேறித் தலைமன்னாருக்குச் சென்றார். அங்கிருந்து கப்பலில் இராமேசுவரம். நீலகிரியில் மீண்டும் தேயிலைக் கொழுந்தே பறித்து, குன்னூரில் இறந்துபோனார். பாட்டனாரும் இந்தியக் கடவுச்சீட்டுப் பெற்றவரே. நோயிற் கிடந்த தாயாரை விட்டுச் செல்ல மனமின்றிப் பயணத்தை ஒத்திவைத்தார். 1984 இற் கப்பற் போக்குவரத்தே நின்றுபோயிற்று. 2003 ஆம் ஆண்டுச் சட்டத்தினால் அவர் இந்நாட்டுப் பிரசையானார். 2005 ஆம் ஆண்டுச் சனாதிபதித் தேர்தலில், தமது அறுபத்தேழாவது வயதில், முதன்முறையாக வாக்களித்தார்.

இவற்றையெல்லாம் அறிந்த பின்னரே நான் கச்சேரிக்குச் சென்றேன். மாவட்டச் செயலகம் என்று இன்று பெயர் மாறியிருப்பினும், எங்கள் பக்கத்து மக்களுக்கு அது கச்சேரியே. படிவத்தை நிரப்பித் தேடற் கட்டணத்தையும் செலுத்தினேன். பூட்டனார் 1912 அளவிற் பிறந்தவர் என்பது வீட்டார் வழக்கு. ஆகையால் முன்னும் பின்னுமாகச் சில ஆண்டுகளைக் குறித்துக் கொடுத்தேன். இரண்டு கிழமைகளின் பின் கிடைத்த விடை, 1950 இற் கிடைத்த அதே விடை.

அத்தோடு நின்றிருப்பேன். ஆனால் அவ்வாண்டு வரலாற்றுப் பாடத்துக்காகப் பெருந்தோட்டத் தொழில் பற்றிக் கட்டுரை எழுத நேர்ந்தது. நூலகத்திற் பழைய ஆங்கில ஏடுகளைப் புரட்டியபோது ஒன்றைக் கவனித்தேன். இன்று ‘கே’ எழுத்தால் தொடங்கி எழுதப்படும் ‘கங்காணி’ என்னும் சொல், பத்தொன்பதாம் நூற்றாண்டு எழுத்துக்கள் பலவற்றில் ‘சி’ எழுத்தால் தொடங்கியது. என் பூட்டனாரின் பெயரும் ‘க’ என்று தொடங்குவதே. தோட்டத்துப் பிறப்புகள் துரையின் அறிக்கை வழியாகப் பதியப்பட்டவை. எழுதியவை ஆங்கிலம் அறிந்த கைகள். பழைய வழக்கமுடைய ஒருவர் எழுதியிருந்தால் பெயர் எந்த எழுத்தின்கீழ் இருக்கும்?

இன்னொரு தடையும் இருந்தது. ஒவ்வொரு தோட்டத்துக்கும் இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று துரைமார் இட்ட ஆங்கிலப் பெயர். மற்றையது எம்மவர் தம் நாவுக்கு இசைய வழங்கிய தமிழ்ப் பெயர். பூட்டனார் அறிந்திருந்தது தமிழ்ப் பெயரை. ஏடு அறிந்திருந்தது மற்றதை.

மீண்டும் சென்றேன். அன்றிருந்த இலிகிதர் சிங்களப் பெண்மணி. எனது குறைச் சிங்களத்தைப் பொறுமையோடு கேட்டார். ‘சி’ எழுத்துக்குரிய அட்டவணையை 1905 இலிருந்து பார்க்குமாறு வேண்டினேன். அரை மணித்தியாலத்தின் பின் அவர் விரலை ஓரிடத்தில் வைத்து என்னை நிமிர்ந்து பார்த்தார். ஆண்டு 1909. தோட்டத்தின் ஆங்கிலப் பெயர் சரி. தந்தையின் பெயர் சரி. தந்தையின் தொழில் என்ற இடத்திற் ‘கூலி’ என்றிருந்தது. பூட்டனார் அங்கே நூறு ஆண்டுகளுக்கு மேலாக இருந்திருக்கின்றார். 1950 இல் அவர் வாசலில் நின்றபோதும் அவருடைய பெயர் உள்ளே இருந்திருக்கின்றது.

அதே வரியில் நான் தேடாத ஒன்றும் கிடைத்தது. பூட்டனாரின் தாயாரை எங்கள் வீட்டில் ‘கடல் தாண்டி வந்த கிழவி’ என்றே சொல்லுவார்கள். அவருடைய பெயர் எவருக்கும் நினைவில்லை. தாயின் பெயர் என்ற கூட்டில், எழுத்துப் பிழையோடு, ஊர்க்காவல் அம்மன் ஒருத்தியின் பெயர் எழுதப்பட்டிருந்தது. எங்களுக்கு நாடில்லை என்று சொல்லக் காரணமாயிருந்த அதே ஏடு, எங்கள் வீடே மறந்துவிட்ட ஒரு பெண்ணின் பெயரைக் காப்பாற்றி வைத்திருந்தது. அரச ஆவணங்களை நம்புவதா, வெறுப்பதா என்ற வினாவுக்கு இன்றுவரை என்னால் ஒருசொல்லில் விடை கூற இயலவில்லை.

சான்றுப்படுத்திய பிரதியைப் பாட்டனாரிடம் கொண்டுசென்று வாசித்துக் காட்டினேன். தம் பாட்டியின் பெயரை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். மகிழ்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, “இந்தக் கடுதாசி அக்காவுக்கும் செல்லுபடியாகியிருக்குமா?” என்றார்.

சட்டத்தை நான் வாசித்திருக்கிறேன். ஒரே தந்தையின் பிள்ளைகள். தம்பிக்குச் செல்லுவது அக்காவுக்கும் செல்லும். “ஆமாம் தாத்தா” என்றேன். அவர் வேறொன்றும் கேட்கவில்லை.

‘பதிவு காணப்படவில்லை’ என்ற 1950 ஆம் ஆண்டுத் தாளையும், 1909 ஆம் ஆண்டுப் பதிவின் பிரதியையும் ஒரே உறையிலிட்டு அத்தகரப் பெட்டியில் வைத்திருக்கிறோம். ஒன்றின்றி மற்றையது எங்கள் வரலாற்றை முழுமையாகச் சொல்லாது.

மலையகத்திலிருந்து இங்கு வந்து பயிலும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் தோட்டத்தின் இரு பெயர்களையும் முதியோரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கச்சேரிக்குச் செல்லுங்கள். ஓரெழுத்திற் பெயர் இல்லையென்றால் மற்றையதிலும் தேடச் சொல்லுங்கள். கேட்டறிய வேண்டியவர்கள் திண்ணையில் இருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்த விடை போய்ச் சேரவில்லை.